ஆம்னி வேனில் டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றும் வேலை: மலையில் வண்டி வைத்திருக்கும் புதியவர்களுக்கு

டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு போல்ட். அந்தச் சுலபம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. போல்ட்டைக் கழற்றி, பழையதைக் கையால் இழுத்து எடுத்துவிட்டு, புதியதைச் செருகிச் சாவியைத் திருப்பினால் வண்டி கார்புரேட்டர் வழியாக ஒரு தும்மல் போடும். அதோடு சரி. பிறகு தெருவே சேர்ந்து தள்ளினாலும் எடுக்காது. என் முதல் முறை அப்படித்தான் ஆனது. கோத்தகிரியில் வீட்டு வாசலில், சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. எதிர்வீட்டு அம்மா மூன்று முறை டீ கொடுத்தார். வண்டி ஒரு முறைகூட எடுக்கவில்லை.

கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி ஆம்னியை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். 1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து பிறகு ஆம்னி ஆன வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். டி.என். 43 நம்பரோடு கேரட் மூட்டையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஏற்றிக்கொண்டு இன்னும் சில ஓடுகின்றன. மற்ற பழைய பெட்ரோல் வேன்களுக்கும் முறை ஏறக்குறைய இதேதான். சிலிண்டர் எண்ணிக்கையும் தீப்பொறி வரிசையும் மாறும். பின்னால் வந்த, கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை ஊசி வழியாகத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. ஆம்னிக்கு இது பொருந்தாது. டீசல் வண்டிக்கு இந்தச் சாமானே கிடையாது.

அது செய்யும் வேலை

காயில், பேட்டரியின் 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றுகிறது. அந்தக் கரண்ட் தடித்த ஒயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு வருகிறது. உள்ளே சுற்றும் ரோட்டர் அதை வாங்கி, மூடியைச் சுற்றியுள்ள மூன்று முனைகளுக்கும் முறை வைத்துக் கொடுக்கிறது. ஆம்னியில் அந்த முறை 1, 3, 2. பெல்ட் இருக்கும் பக்கத்துச் சிலிண்டர்தான் 1. எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ரோட்டர் ஒரு சுற்று. ஆகவே டிஸ்ட்ரிபியூட்டரை நீங்கள் 1 டிகிரி திருப்பினால் கிராங்க் கணக்கில் அது 2 டிகிரி. டைமிங், அதாவது பொறி விழும் நேரம், வைக்கும்போது இந்தக் கணக்கு கைக்குள் இருக்க வேண்டும்.

எந்த நேரத்தில் பொறி விழ வேண்டும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. பழைய மாடல்களில் அதற்கு பாயிண்ட், திறந்து மூடும் ஒரு சின்ன ஸ்விட்ச். மூத்த மெக்கானிக்குகள் பிளாட்டினம் என்பார்கள். பின்னால் வந்தவற்றில் பாயிண்டுக்குப் பதில் பிக்கப் காயில். இரண்டு வகையிலும் அடியில் வெயிட்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். எஞ்சின் வேகம் கூடக்கூடப் பொறியை முன்கூட்டியே விழவைக்கும். பக்கவாட்டில் தட்டையாக ஒரு டப்பா, அதிலிருந்து கார்புரேட்டருக்கு ஒரு சின்ன ரப்பர் குழாய்: அது வாக்யூம் அட்வான்ஸ், கார்புரேட்டரின் உறிஞ்சலை வைத்துப் பொறியை முன்னால் தள்ளுவது.

உண்மையிலேயே மாற்ற வேண்டுமா?

மலையில் 'டிஸ்ட்ரிபியூட்டர் போச்சு' என்று கைவிடப்படுபவற்றில் நிறைய, நனைந்தவை மட்டுமே. ஜூன் முதல் கூடலூர், தேவாலா பக்கம் மழை ஓயாது. அக்டோபருக்குப் பிறகு குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நம் முறை. மழை இல்லாத நாளிலும் மஞ்சு இறங்கி நிற்கும். இரவெல்லாம் குளிரில் நின்ற வண்டியின் மூடிக்குள் ஈரம் பனித்துளி போலப் படியும். கரண்ட் அந்த ஈரத்தில் வழி கண்டுபிடித்துப் போய்விடும், பிளக்குக்கு வராது.

அதனால் காலையில் எடுக்காத வண்டி பதினொரு மணி வெயிலில் தானாக எடுத்தால், புது டிஸ்ட்ரிபியூட்டர் வாங்க ஓடாதீர்கள். மூடியைக் கழற்றுங்கள். உள்ளும் வெளியும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். பெட்ரோலில் நனைத்த துணி மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே ஆவி தங்கியிருக்கும்போது பொறி விழுந்தால் மூடி தெறிக்கும். பக்கத்திலேயே கார்புரேட்டர் வேறு.

துடைத்த பிறகு மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பென்சிலால் கோடு இழுத்தது போல மெல்லிய கருப்புத் தடம் தெரிகிறதா? கரண்ட் ஓடி ஓடிக் கரியான பாதை அது. அதைச் சுரண்டினாலும் பயனில்லை, மூடிதான் மாற வேண்டும். நடுவில் ஸ்பிரிங் வைத்த கார்பன் துண்டு உள்ளே தள்ளினால் திரும்பி வர வேண்டும். ரோட்டர் நுனி அரித்திருக்கிறதா, உடலில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மூடி, ரோட்டர், பாயிண்ட், கண்டென்சர், பிளக் ஒயர் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். இவற்றில் ஒன்று போனதற்காக முழுச் செட்டையும் மாற்றச் சொன்ன ஒருவரிடம் நானும் ஒருமுறை பணம் கொடுத்திருக்கிறேன்.

பிளக் ஒயரில் சந்தேகம் என்றால், இருட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, தலைக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீரை மெல்லிய தூவலாக ஒயர்கள் மேல் அடித்துப் பாருங்கள். ஒழுகும் இடத்தில் நீலமாகப் பொறி ஓடும். கையை மட்டும் அருகில் கொண்டுபோக வேண்டாம். கேஸ் கிட் போட்ட ஆம்னியில் இந்த ஒழுகல் சீக்கிரமே தெரிந்துவிடும். கேஸைப் பற்றவைக்க பெட்ரோலைவிட அதிக வோல்ட் தேவை என்பதால், பெட்ரோலில் சுமாராக ஓடும் ஒயர் கேஸில் மிஸ்ஸிங் காட்டும்.

சரி, எப்போது முழுதாகத்தான் மாற்ற வேண்டும்? ரோட்டரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். அதைத் தாங்கும் ஷாஃப்ட் நன்றாக ஆடினால், ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் புஷ் தேய்ந்துவிட்டது. பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும், டைமிங் எங்கே வைத்தாலும் நிற்காது. அடுத்து ரோட்டரை அது சுற்றும் திசையில் கொஞ்சம் திருகி விடுங்கள். சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் வெயிட் துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது அல்லது ஸ்பிரிங் போயிருக்கிறது. வாக்யூம் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். உள்ளே தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். நழுவினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. மூடிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. இவற்றில் இரண்டு சேர்ந்துகொண்டால் ரிப்பேர் செய்வதைவிட மாற்றுவது மேல்.

உறிஞ்சும் சோதனையில் இன்னொரு லாபம் உண்டு. தட்டு எந்தப் பக்கம் நகர்கிறதோ, ரோட்டர் சுற்றுவது அதற்கு எதிர்த் திசையில். இதை ஒரு காகிதத்தில் அம்புக்குறி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் மூன்று இடத்தில் தேவைப்படும்.

சாமான் வாங்கும்போது

பழையதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். குறைந்தபட்சம் நாலு பக்கமும் எடுத்த படம் வேண்டும். பாயிண்ட் வகையா, எலக்ட்ரானிக் வகையா என்பது முதல் கேள்வி. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வெறுமனே மாட்ட முடியாது. காயிலும் வயரிங்கும் அதற்கேற்ப மாற வேண்டும். உடலில் எந்தக் கம்பெனி பெயர் அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். மூடியும் ரோட்டரும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உயரத்தில் ஒரு நூல் வித்தியாசம் இருக்கும். அந்த ஒரு நூலில் ரோட்டர் மூடியை உரசிப் பொடியாக்கும்.

மலையில் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர்தான். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டர் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வாங்கலாம், ஆனால் மேலே சொன்ன மூன்று சோதனைகளையும் கடைக்காரர் முன்னாலேயே செய்துவிட்டு வாங்குங்கள். வாயால் உறிஞ்சுவதைப் பார்த்து அவர் சிரித்தால் சிரிக்கட்டும். அடிப்பல் சக்கரத்தையும் பாருங்கள். பல் கத்தி முனைபோல மெலிந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வரும் ஓ ரிங்கை மட்டும் எப்போதும் புதிதாக வாங்குங்கள். காசு பெரிதில்லை; அது ஒழுகினால் பின்னால் எரிச்சல்தான் பெரிது.

கருவிகள் அதிகம் இல்லை. ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ், இரண்டு ஒயர் வைத்த 12 வோல்ட் பல்பு, வெள்ளை பெயிண்ட் அல்லது நெயில் பாலிஷ். பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் யாரிடமாவது இரவல் கிடைத்தால் நல்லது.

வண்டியை நிறுத்தும் இடம்

இங்கே சமதளம் கிடைப்பதே ஒரு பாக்கியம். இருந்தாலும் தேடிப் பிடியுங்கள். பிறகு வண்டியைக் கியரில் போட்டு நகர்த்த வேண்டி வரலாம். சரிவில் நிறுத்தினால் அது உங்களை நகர்த்தும். இரண்டு பக்கமும் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து ஹேண்ட் பிரேக் போடுங்கள். முன் சீட்டுகளைத் தூக்கினால் எஞ்சின் கீழே இருக்கும். சூடாக இருந்தால் ஆறவிடுங்கள். பெட்ரோல் வாசம் வந்தால் எங்கே கசிகிறது என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். பிளக்குகளிலிருந்து வரும் தடித்த ஒயர்களைப் பிடித்துக்கொண்டு போனால் அவை மூன்றும் போய்ச் சேரும் கருப்பு மூடிதான் டிஸ்ட்ரிபியூட்டர்.

அடையாளம்: அவசரப்படாதீர்கள்

மொத்த வேலையில் பாதி இதுதான். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் போனில் படம் எடுங்கள். மூடியின் மேலிருந்து ஒன்று, வாக்யூம் டப்பா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியும்படி ஒன்று, சின்ன ஒயர் எங்கே போகிறது என்று ஒன்று.

பிறகு ஒவ்வொரு பிளக் ஒயரிலும் அதன் சிலிண்டர் எண்ணை எழுதி ஒட்டுங்கள். மூடியில் 1-ம் சிலிண்டர் ஒயர் நுழையும் இடத்தில் வெள்ளைப் புள்ளி வையுங்கள். மூடியின் கிளிப்பையோ ஸ்க்ரூவையோ விடுவித்து, ஒயர்களைப் பிடுங்காமலே மூடியை ஒதுக்கி வைக்கலாம்.

இப்போது எஞ்சினை, 1-ம் சிலிண்டரில் கம்ப்ரஷன் முடிந்து பிஸ்டன் மேலே நிற்கும் நிலைக்குக் கொண்டுவருவது நல்லது. சிலர் இதைச் செய்யாமல் ரோட்டர் எங்கே நிற்கிறதோ அங்கேயே அடையாளம் போட்டுக் கழற்றுவார்கள். அதுவும் நடக்கும், யாரும் இடையில் எஞ்சினைச் சுற்றாத வரைக்கும். புதியவர்களுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

மூன்று பிளக்குகளையும் கழற்றுங்கள். 1-ம் துளையில் கட்டை விரலை அழுத்தி வையுங்கள். இன்னொருவர் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையில் மெதுவாகச் சுற்றட்டும். இல்லாவிட்டால் கட்டையையும் ஹேண்ட் பிரேக்கையும் எடுத்துவிட்டு, டாப் கியர் போட்டு வண்டியை அடி அடியாகத் தள்ளலாம்; அதற்காகத்தான் சமதளம் கேட்டேன். காற்று விரலைத் தள்ளும் தருணம் வந்தால் கம்ப்ரஷன் ஏறுகிறது. கிளட்ச் ஹவுசிங்கில் ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும். அதை எடுத்துவிட்டு ஜன்னலில் பார்த்தால் ஃப்ளைவீலில் 'டி' என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு கோடும் வரும். அந்தக் கோடு ஜன்னலின் குறிக்கு நேராக வந்ததும் நிறுத்துங்கள். வெள்ளை பெயிண்டை அந்தக் கோட்டில் ஒரு தொடு தொட்டு வைத்தால் பிறகு கண்ணுக்குச் சுகம்.

இப்போது ரோட்டர் நீங்கள் மூடியில் புள்ளி வைத்த 1-ம் முனையை நோக்கி நிற்க வேண்டும். நிற்கிறதா? டிஸ்ட்ரிபியூட்டர் உடலின் விளிம்பில் ரோட்டர் நுனிக்கு நேராக ஒரு கோடு. உடலின் அடிப்பகுதியும் எஞ்சினும் சேரும் இடத்தில் இரண்டின் மேலும் விழும்படி இன்னொரு கோடு. இந்த இரண்டு கோடும் சரியாக இருந்தால் மீதி வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். என் அந்த ஞாயிற்றுக்கிழமையில் இரண்டுமே இல்லை.

கழற்றுதலும் மூன்றாவது கோடும்

வாக்யூம் குழாயை உருவுங்கள். காயிலுக்குப் போகும் சின்ன ஒயரைப் பிரியுங்கள். பிடிப்பு போல்ட்டைக் கழற்றுங்கள். பிறகு உடலை இரண்டு பக்கமும் லேசாகத் திருகியபடியே மேலே இழுங்கள். பல வருடம் அசையாமல் இருந்தது பிடித்துக்கொள்ளும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் அலுமினியம் உடையும். துருவிளக்கும் ஆயில் கொஞ்சம் விட்டு, டீ குடித்துவிட்டு வாருங்கள்.

வெளியே வரும்போது ரோட்டரைக் கவனியுங்கள். அடிப்பல் சாய்வாக வெட்டியிருப்பதால், மேலே வர வர ரோட்டர் தானாகக் கொஞ்சம் திரும்பும். பல் முழுதாக விடுபட்ட இடத்தில் ரோட்டர் எங்கே காட்டுகிறதோ அங்கே உடல் விளிம்பில் மூன்றாவது கோடு போடுங்கள். முதல் கோடு உட்கார்ந்த நிலை. மூன்றாவது கோடு செருகத் தொடங்கும் நிலை. இதைத் தெரியாதவர்கள்தான் ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டு, டைமிங் வைக்க உடலைத் திருப்பினால் பிடிப்பு போல்ட் நகரும் காடியின் கடைசிவரை போயும் போதவில்லை என்று தவிக்கிறார்கள். (சில எஞ்சின்களில் பல்லுக்குப் பதில் நடுவிலிருந்து சற்று விலகிய நாக்கு இருக்கும். அது ஒரே விதமாகத்தான் உட்காரும். அவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.)

எடுத்த துளையைச் சுத்தமான துணியால் மூடுங்கள். உள்ளே ஒரு வாஷர் விழுந்தால் அது வேறு கட்டுரை. இப்போதிலிருந்து யாரும் வண்டியைத் தள்ளக் கூடாது, சாவியைத் தொடக் கூடாது.

புதியதைப் போடுதல்

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, வாக்யூம் டப்பாக்கள் ஒரே பக்கம் பார்க்கும்படி வைத்து, மூன்று கோடுகளையும் புதியதுக்கு மாற்றுங்கள். ஷாஃப்ட் நீளமும் பல் எண்ணிக்கையும் ஒன்றா என்று இன்னொரு தடவை எண்ணுங்கள்.

பாயிண்ட் வகை என்றால் இடைவெளியை வெளியிலேயே வைத்துவிடுவது வசதி. சீட்டுக்கு நடுவே குனிந்துகொண்டு ஃபீலர் கேஜ் பிடிப்பதற்கு மேஜை எவ்வளவோ மேல். ஷாஃப்ட்டைச் சுற்றிப் பாயிண்ட் அதிகமாகத் திறந்த இடத்தில் நிறுத்துங்கள். 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர். கேஜ் உரசிக்கொண்டு, ஆனால் இறுக்கமில்லாமல் போக வேண்டும். பாயிண்ட்டைத் திறக்கும் மேடான கேம் மேல் கிரீஸ் ஒரு தீக்குச்சித் தலை அளவு போதும். அதிகமானால் தெறித்துப் பாயிண்ட் முகத்தில் ஒட்டிக் கரியாகும்.

ஓ ரிங்கில் எஞ்சின் ஆயில் தடவுங்கள். பல்லிலும் கொஞ்சம் ஆயில் விடுங்கள். உடலும் எஞ்சினும் சேரும் கோடுகளை நேராக வைத்து, ரோட்டரை மூன்றாவது கோட்டில் நிறுத்தி, நேராக இறக்குங்கள். இறங்க இறங்க ரோட்டர் திரும்பி முதல் கோட்டில் வந்து நிற்க வேண்டும். வேறெங்காவது நின்றால் தயங்காமல் வெளியே எடுத்து ஒரு பல் மாற்றித் திரும்பப் போடுங்கள். எனக்கு இன்றைக்கும் முதல் தடவையில் உட்காராது. போல்ட்டைக் கை இறுக்கம் மட்டும் கொடுங்கள், உடல் திரும்ப வேண்டும்.

ரோட்டர், மூடி, சின்ன ஒயர். வாக்யூம் குழாய் இப்போதைக்கு வேண்டாம். அதன் வாயை ஒரு ஸ்க்ரூ வைத்து அடைத்துவிடுங்கள். பிளக்கின் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்துத் திரும்பப் போடுங்கள். 1-ம் முனையில் தொடங்கி, காகிதத்தில் போட்ட அம்புத் திசையில் 1, 3, 2 என்று ஒயர் போகிறதா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள்.

இடையில் யாராவது எஞ்சினைச் சுற்றிவிட்டால் பயப்படாதீர்கள். கட்டை விரல் சோதனையிலிருந்து மறுபடி தொடங்கினால் போதும். 'டி' கோடு இரண்டு சுற்றில் இரண்டு முறை வரும். ஒன்று கம்ப்ரஷன், மற்றது புகை வெளியேறும் நேரம். விரல் வைக்காமல் கோட்டை மட்டும் பார்த்தால் பாதிக்குப் பாதி தவறும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் இந்தத் தவறு ஒளிந்துகொள்ளும், ஏனென்றால் 1-க்கு நேர் எதிரே 4-ன் முனை இருக்கும், ரோட்டர் ஏதோ ஒரு முனையைத்தானே காட்டுகிறது என்று தோன்றும். மூன்று சிலிண்டர் மூடியில் முனைகள் 120 டிகிரிக்கு ஒன்று. 1-க்கு எதிரே வெற்றிடம்தான். ரோட்டர் இரண்டு முனைகளுக்கு நடுவில் விழித்துக்கொண்டு நின்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

டைமிங்

பாயிண்ட் வண்டியில் லைட் இல்லாமலே டைமிங் வைக்கலாம். எஞ்சினை, உங்கள் வண்டிக் கையேடு சொல்லும் டிகிரிக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிஸ்டன் மேலே எட்டுவதற்குச் சற்று முந்திய இடம் அது. பேட்டரி ஒயரை மாட்டுங்கள். பல்பின் ஒரு ஒயரை காயிலின் நெகட்டிவ் முனையில், அதாவது டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து முனையில் வையுங்கள், மற்றொன்றை பாடியில். சாவியை ஆன் செய்யுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உடலை ரோட்டர் சுற்றும் திசையில் திருப்பினால் பல்பு அணையும். இனி எதிர்த் திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். பல்பு எரியும் அந்தக் கணத்தில் நிறுத்தி போல்ட்டை இறுக்குங்கள். பாயிண்ட் திறக்கும் நேரம் அதுதான், பொறி விழும் நேரமும் அதுதான். முடிந்ததும் சாவியை அணைத்துவிடுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் சாவி ஆனில் கிடந்தால் காயில் சூடேறிக் கெடும்.

எலக்ட்ரானிக் வகைக்கு இது செல்லாது. பிக்கப் காயிலுக்கு நேராக, ஷாஃப்ட்டில் உள்ள ரிலக்டர் சக்கரத்தின் பல் நிற்கும்படி வைத்து ஸ்டார்ட் செய்து, டைமிங் லைட்டில்தான் பார்க்க வேண்டும். லைட்டை 1-ம் ஒயரில் கவ்வவிட்டு, ஐடிலிங்கில், வாக்யூம் குழாய் அடைத்தபடியே, ஃப்ளைவீல் ஜன்னலில் அடியுங்கள். வெள்ளைப் புள்ளி நின்றது போலத் தெரியும். பாயிண்ட் வண்டிக்கும் கடைசியில் இதைச் செய்துவிட்டால் நிம்மதி.

காதால் டைமிங் வைக்கும் பழக்கம் இங்கே எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் உண்டு. எஞ்சின் நன்றாக ஏறும்வரை திருப்பி, கொஞ்சம் பின்னால் விட்டு இறுக்குவது. அனுபவக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விஷயம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு, அதனால் டைமிங் அதிகம் முன்னால் இருந்தாலும் எஞ்சின் பொறுத்துக்கொள்ளும், நாக்கிங் என்ற தட்டும் சத்தம் கேட்காது. அதே வண்டி காய்கறி மூட்டையோடு 330 மீட்டரில் இருக்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, அடர்ந்த சூடான காற்றை விழுங்கித் திரும்ப ஏறத் தொடங்கும்போது, கல்லாறு தாண்டுவதற்குள் கிணிகிணி என்று சத்தம் போடும். பிஸ்டனுக்கு அது நல்லதில்லை. மலையை விட்டு இறங்கும் வண்டிக்குக் கோட்டை நம்புங்கள், காதை நம்பாதீர்கள்.

எடுக்கவில்லையா?

ஒரு பொறிகூட இல்லையென்றால் சின்ன ஒயரில் தொடங்குங்கள். பாயிண்ட் வகையில் அந்த ஒயர் உள்ளே உடலோடு உரசினால் போதும், கரண்ட் செத்துவிடும். புதுப் பாயிண்ட் முகத்தில் எண்ணெய்ப் படலம் இருந்தாலும் இதே கதை. வெள்ளைத் தாளை நடுவில் விட்டு இழுத்தெடுங்கள். பொறி இருக்கிறது, ஆனால் கார்புரேட்டரில் தும்முகிறது என்றால் ஒயர் வரிசை அல்லது ரோட்டர் நிலை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது எதிர்த்து உதைக்கிறதா, டைமிங் மிகவும் முன்னால் போய்விட்டது. எடுக்கிறது, ஆனால் பிக்கப் இல்லை, சைலன்சர் தகிக்கிறது, ரேடியேட்டர் கொதிக்கிறது என்றால் டைமிங் பின்னால் கிடக்கிறது.

மழைக்கு மூடியைக் காப்பாற்ற டியூப் ரப்பரை வெட்டிப் போர்த்துவது ஊர் வழக்கம். நானும் செய்கிறேன். முழுதாக இறுக்கிக் கட்டாமல் அடிப்பக்கம் திறந்து விடுங்கள். உள்ளே பொறி தாவும்போது ஓசோன் உண்டாகும். அது வெளியேற வழி இல்லாவிட்டால் ஈரத்தோடு சேர்ந்து உள்ளே உள்ள உலோகத்தையெல்லாம் அரிக்கும். மூடியிலோ உடலிலோ சிறிய மூச்சுத் துளை இருந்தால் அதை அடைக்காதீர்கள்.

எல்லாம் சரியானதும் வாக்யூம் குழாயை மாட்டுங்கள். இதை மறந்து ஒரு வாரம் ஓட்டிவிட்டு பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று புலம்பியவனும் நான்தான். முதல் ஓட்டம் ஊருக்குள்ளேயே இருக்கட்டும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஒரு ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். லேசாக ஒருமுறை கிணுங்கி நின்றால் பரவாயில்லை, தொடர்ந்து கேட்டால் டைமிங்கைக் கொஞ்சம் பின்னால் விடுங்கள், அதாவது உடலை ரோட்டர் சுற்றும் திசையில் லேசாகத் திருப்புங்கள். திரும்பி வந்து டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் ஆயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, பிடிப்பு போல்ட்டை இன்னொரு தடவை இறுக்குங்கள். புதுப் பாயிண்டின் நைலான் குதிகால் முதலில் சற்று வேகமாகத் தேயும், இடைவெளி குறையும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஃபீலர் கேஜை எடுத்து மறுபடி அளந்துவிடுங்கள். கழற்றிய பழைய மூடியும் ரோட்டரும் உடையாமல் இருந்தால் துடைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். குஞ்சப்பனை வளைவில் இரவு பத்து மணிக்குக் கடை எதுவும் திறந்திருக்காது.